இரண்டு கோடு கூட

அவருடைய பெயரை இங்கே போடப்போவதில்லை. போட்டால் எங்கிருந்தாவது வந்து இதையும் திருத்திவிட்டுப் போவார். திருத்தியதை எனக்குச் சொல்லவும் மாட்டார். அதுதான் அவருடைய குணம். பிழையாக ஒன்று கண்ணில் பட்டால் கை சும்மா இராது. அது யாருடையது, கேட்டுத் தொடவேண்டுமா என்ற யோசனையெல்லாம் பிறகுதான். பிறகு என்பதும் அவருக்கு வருவதில்லை, ஏனென்றால் அதற்குள் அடுத்த பிழை கண்ணில் பட்டுவிடும்.

கிளிநொச்சியில், ஏ-ஒன்பது வீதியோரம் இருந்த ஒரு ஸ்ரூடியோவில் நாங்கள் இருவரும் வேலை செய்தோம். அவர் படம் எடுப்பார். நான் கணினியில் படங்களைத் துப்புரவாக்கி அல்பம் அடுக்குவேன். பெரிய கலியாணம் வந்தால் இரண்டாவது கமராவைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் ஓடுவேன். அவர் முல்லைத்தீவுக் கரையோரத்துக் கத்தோலிக்கக் குடும்பம், வயது நாற்பதுக்குக் கிட்ட. எனக்கு இருபத்தெட்டு முடிந்திருந்தது. நான் அவரை அக்கா என்பேன். அவர் என்னைப் பிள்ளை என்பார்.

ஒரு கோப்பைத் தேத்தண்ணியை முழுதாகக் குடித்து அவரை நான் கண்டதில்லை. பாதியில் எழும்பிவிடுவார். பக்கத்துக் கடைப் பலகை சரிந்திருக்கும், வாசலில் நிற்கும் யாரோ ஒருவருடைய மோட்டார் சைக்கிள் கண்ணாடி திரும்பியிருக்கும், அதைச் சரிப்பண்ணாமல் அவருக்கு வாயில் ஒன்றும் இறங்காது. சந்தையில் முன்னால் போன முன்பின் தெரியாத ஒரு மனுசியின் சேலைக் கொசுவத்தை இழுத்துவிட்டு ஏச்சு வாங்கியதை நான் என் கண்ணால் பார்த்தேன். அந்த ஏச்சும் அவருக்கு உறைக்கவில்லை.

எங்கள் வீடு பரந்தனில். ஒருநாள் வேலை முடிந்து என்னோடு வந்தார். அம்மா தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குள் போக, எனக்கு முகம் கழுவ ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்துக்குள் சுவர் மணிக்கூடு பத்து நிமிடம் முந்தி ஓடுவதைக் கண்டுபிடித்து, கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, முள்ளைச் சரியாக்கிவிட்டு இறங்கியிருக்கிறார். ஒரு சொல் சொல்லவில்லை. அந்தப் பத்து நிமிடம் அம்மா வேண்டுமென்றே வைத்தது. கண் மங்கிய நாளிலிருந்து அவருக்கு எல்லாவற்றுக்கும் நேரம் பிடிக்கும். ஆனபடியால் மணிக்கூட்டை முந்தவிட்டுத் தன்னைத் தானே விரட்டிக்கொள்வார். அடுத்த நாள் விடிய அவருக்கு வவுனியாவில் கண் கிளினிக். பத்து நிமிடம் கையில் இருக்கிறது என்று ஆறுதலாக வெளிக்கிட்டு ஸ்ரேசனுக்குப் போனால் ரயில் போய்விட்டது.

நான் கொதித்துப்போய்க் கேட்டேன்.

"பிழையாக் கிடந்தது, பிள்ளை. திருத்தினன்."

"அது அம்மா வேணுமெண்டு வச்சது, அக்கா."

"பிழையை ஆரும் வேணுமெண்டு வைப்பினமே?"

நடிப்பில்லை. மனுசி உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். இப்படிப்பட்டவரோடு என்னத்தைக் கதைக்கிறது?

இனிக் கமரா. கண்ணை வைத்துப் பார்த்தால் படத்துக்குக் கீழே சின்ன அளவுகோல் ஒன்று தெரியும். நடுவில் பூச்சியம். ஒரு பக்கம் கோடு கோடாகக் கூடல், மறுபக்கம் குறைவு. வெளிச்சத்துக்கு ஏற்பவும், கமராவின் மேலே உள்ள பல்லுச் சில்லைச் சுற்றுவதற்கு ஏற்பவும் ஒரு புள்ளி அங்குமிங்கும் நகரும். ஊசி என்று அதில் ஒன்றும் இல்லை. பழைய கமராவில் உண்மையான ஊசி ஆடியதாம். அந்தக் காலத்து ஆளான எங்கள் முதலாளி இந்தப் புள்ளியையும் ஊசி என்பார், நாங்களும் அப்படியே பழகிவிட்டோம். முதலாளி எனக்குச் சொல்லித்தந்தது ஒரே வசனம். "சில்லைச் சுத்து, ஊசி நடுவில நிண்டா அமத்து. மிச்சத்தைக் கமரா பாக்கும்."

அக்காவுக்கு அந்த வசனத்தைக் கேட்டாலே விசர் ஏறும்.

"கமரா என்னத்தைப் பாக்கும்? முன்னால நிக்கிறது மாப்பிளையோ மாடோ எண்டு அதுக்குத் தெரியுமே? வெள்ளையைக் காட்டினாலும் சாம்பலாக்கும், கறுப்பைக் காட்டினாலும் சாம்பலாக்கும். உந்த ஊசி நடுவில நிண்டா கமராவுக்குச் சந்தோசம். அவ்வளவுதான்."

அவர் சொன்னது உண்மை. படச் சட்டம் நிறைய வெள்ளை உடுப்பு நின்றால், வெளிச்சம் கூடிப்போச்சு என்று கமரா நினைக்கும். அதை நம்பி ஊசியை நடுவுக்குக் கொண்டுவந்தால் வெள்ளை அழுக்காகும், முகம் கரியாகும். கறுப்புத் துணி நின்றால் மறுபக்கம். வெளிச்சம் காணாது, போதாது என்று கமரா சொல்லும், கூட்டினால் முகம் வெளிறிவிடும். அக்கா இதற்கெல்லாம் தன் உள்ளங்கையைத்தான் நம்பினார். ஆள் நிற்கும் வெளிச்சத்தில் கையை நீட்டி, கமரா நிறையக் கையைக் காட்டி, ஊசி நடுவுக்கு வந்தபிறகு ஒரு கோடு கூட்டுவார். அதோடு சரி. பிறகு ஊசி எங்கே நின்று துள்ளினாலும் திரும்பிப் பார்க்கமாட்டார். ஒரு கலியாண வீட்டில் மாப்பிள்ளையின் தாய், இவர் கண்ணூறு கழிக்கிறார் என்று நினைத்து, "எனக்கும் ஒருக்காச் செய்து விடுங்கோ" என்று வந்து நின்றார். அக்கா அவருடைய கழுத்துச் சங்கிலியை நேராக்கிவிட்டு அனுப்பினார்.

அவருடைய ஊர்க் கோயிலில் ஒருமுறை முதல் நன்மை, பிள்ளைகள் முதல்முதலாக நற்கருணை வாங்குகிற பூசை. முப்பது பிள்ளைகள், எல்லாரும் வெள்ளை. நான் முதலாளி சொன்ன வேதத்தின்படி ஊசியை நடுவில் நிறுத்திவிட்டு அடிஅடியென்று படம் அடித்துக்கொண்டிருந்தேன். பூசை நடுவில் அக்கா வந்து என்னோடு உரசி நின்று, என் தோள்பையில் எதையோ தேடுவதுபோல் தேடிவிட்டுப் போனார். திரும்பிக் கணினியில் போட்டுப் பார்த்தால், முதல் பாதியில் பிள்ளைகளின் முகமே இல்லை. இரண்டாம் பாதியில் எல்லா முகமும் அந்தமாதிரித் துலக்கம். முதலாளி, "பாத்தியே, போகப் போகப் பிடிச்சிட்டாய்" என்றார். நானும் பெருமையாகத் தலையாட்டினேன். அக்கா பக்கத்தில்தான் இருந்தார், வாய் திறக்கவில்லை. கனகாலத்துக்குப் பிறகு வேறொன்றைத் தேடும்போது அந்தப் படங்களோடு கமரா பதிந்துவைத்த விபரத்தைத் தட்டிப் பார்த்தேன். பூசை நடுவில் என் கமராவின் சில்லு மூன்று பல் சுற்றப்பட்டிருந்தது. நான் சுற்றவில்லை.

அன்றைக்கு எனக்கு அவரில் வந்த பாசத்தைச் சொல்ல முடியாது. அதே நேரம் முதுகில் என்னவோ ஊர்ந்ததுபோலவும் இருந்தது. என் கையில் இருந்த பொருளை, எனக்குத் தெரியாமல் ஒருவர் மாற்றியிருக்கிறார். இன்னும் எதையெதை மாற்றியிருப்பார்?

ஸ்ரூடியோவின் சோறு சம்பந்தப் படங்களில் இருந்தது. வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு அனுப்புகிற படம். அதற்கென்று முதலாளி கடும் அரக்கு நிறத்தில் ஒரு திரை வைத்திருந்தார். திரை இருட்டைக் கண்டு கமரா ஏமாறும், ஊசியை நடுவுக்குக் கொண்டுவரப் பிள்ளையின் முகம் தன்பாட்டில் வெளுக்கும். மிச்சத்தைக் கணினியில் நான் வெளுப்பேன். அந்த வேலையில் நான் கெட்டிக்காரி. அக்காவை மட்டும் முதலாளி அந்தப் படங்களுக்கு விடமாட்டார். விட்ட ஒரு தரம் ஒரு தாய் படத்தோடு திரும்பி வந்துவிட்டார்.

"ஏன் தங்கச்சி, என்ர பிள்ளையைக் கறுப்பா எடுத்தனீங்கள்?"

"கறுப்பா எடுக்கேல்லை, அம்மா. உங்கட பிள்ளையை எடுத்தனான்."

முதலாளி தலையில் கையை வைத்துக்கொண்டு இருந்தார்.

நானும் கறுப்புத்தான். ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் உள்ளூரில் நேரில் வந்து பார்த்து, பலகாரம் சாப்பிட்டு, நிறம் காணாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மூன்றாவதை ஓமந்தையில் இருந்த புரோக்கர் ஐயா கொண்டுவந்தார். செட்டிகுளத்து ஆட்கள், இப்போது தாயும் மகனுமாகச் சுவிஸில். முதலில் படம், பிடித்தால் வீடியோ கோல், பிறகு மாப்பிள்ளை வருவார். அப்பா சண்டைக்குள் இல்லாமல் போனபிறகு அம்மா என்னை நம்பி, நான் அம்மாவை நம்பி இருந்த வீடு எங்களுடையது. "இதுவும் தட்டிப்போனா நான் என்னடி செய்யிறது?" என்று அம்மா ஒரு நாளைக்குப் பத்துத் தரம் கேட்டார். அம்மாவை விடுங்கள், எனக்கே ஆசையாக இருந்தது. மாப்பிள்ளை அனுப்பிய படத்தில் பனிக்குள் நின்று கண் கூசிக்கொண்டிருந்தார். பனியின் வெள்ளையால் முகம் இருண்டுபோயிருந்தது. எடுத்தவன் ஊசியை நடுவில் விட்டிருக்கிறான். நான் அதைக் கணினியில் வெளிச்சம் கூட்டி வெளிப்பாக்கி, பெரிதாக்கி, எத்தனை தரம் பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.

என் படம் எடுக்கவேண்டிய நாளில் முதலாளி யாழ்ப்பாணம் போய்விட்டார். அக்காதான் எடுத்தார்.

"அக்கா, ரெண்டு கோடு கூட்டி எடுங்கோ."

"சரி சரி, நீ நாடியைத் தூக்கு."

வழக்கம்போல் உள்ளங்கையை நீட்டினார், தன்பாட்டில் எடுத்தார். நானும் சண்டை பிடிக்கவில்லை. எப்படியும் கணினி என் கையில்தானே? இரண்டு கோடு கூட்டினேன். முகம் மினுங்கியது, வலக் கன்னத்து மச்சம் கரைந்துபோயிற்று. நல்லதாய்ப் போச்சு என்று அதையும் விட்டேன். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளை தன் படத்தைத் தானே அனுப்பினால் வளர்ப்புச் சரியில்லை என்று கதை வரும். அம்மாவிடம் வட்ஸ்அப் இல்லை. அக்காவிடம் கொடுத்து, "இதைப் புரோக்கர் ஐயாவுக்கு அனுப்பிவிடுங்கோ" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

நாலாம் நாள் புரோக்கர் ஐயா போன் எடுத்தார். "பிள்ளையின்ர படம் அவைக்கு நல்லாப் பிடிச்சிட்டுதாம். மாப்பிளைத் தம்பி தானாவே ஓமெண்டு சொன்னவராம். ஞாயிற்றுக்கிழமை ரெண்டு மணிக்கு வீடியோவில கதைப்பம்."

அம்மா அழுதே விட்டார். எனக்கும் சந்தோசம்தான், ஆனால் ஒரு வேலை கிடந்தது. படத்தில் இருக்கிறவளாக நான் இரண்டு மணிக்குள் ஆகவேண்டும். தொழில் தெரிந்தவள்தானே? ஸ்ரூடியோவிலிருந்து அரக்குத் திரையைக் கேட்டு வாங்கிவந்து சுவரில் தொங்கவிட்டேன். கமரா ஏமாறுவதுபோல் போனும் ஏமாறும் என்று தெரியும். வட்ட லைற்றை முகத்துக்கு நேரே வைத்தேன். பவுடரை மூன்று தரம் பூசினேன், மச்சத்துக்கு மேல் நாலு தரம். போனைத் திறந்து பார்த்தேன். கணினியில் நான் செய்து வைத்த அதே வெள்ளை. அப்பாடா என்று மூச்சு வந்தது.

இரண்டு மணிக்கு அழைப்பு வந்தது. தாயும் மகனும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். வணக்கம் சொன்னோம். தாய் கொஞ்ச நேரம் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, அம்மாவிடம் கேட்டார்.

"இவ தங்கச்சியோ? பிள்ளையைக் கூப்பிடுங்கோவன்."

"இவதான் பிள்ளை," என்றார் அம்மா.

"இல்லை, நாங்கள் படத்தில பாத்த பிள்ளையைக் கூப்பிடுங்கோ."

"ஐயோ, இவதான் அந்தப் பிள்ளை. எனக்கு இவ ஒராள்தான்."

"படத்தில இருந்த பிள்ளைக்குக் கன்னத்தில மச்சம் கிடந்தது. நல்ல மாநிறம், லட்சணமான பிள்ளை. இவ வேறை ஆள்."

மகன் திரைக்குக் கிட்ட வந்து பார்த்தார். கோபமில்லை, குழப்பம்தான். "ஓமம்மா, வேறை ஆள் போலத்தான் கிடக்கு," என்றார். அதுதான் அவர் என்னைப் பற்றிச் சொல்லி நான் காதால் கேட்ட ஒரே வசனம்.

 மச்சம் என்றதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எழும்பிக் கிணற்றடிக்கு ஓடினேன். சவர்க்காரத்தைப் போட்டுத் தேய் தேயென்று தேய்த்தேன், கண்ணெல்லாம் எரிந்தது. ஈர முகத்தோடு, சட்டை நனைய ஓடி வந்தால் அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தார். அது அணைந்திருந்தது. திரும்பத் திரும்ப எடுத்தோம். அவர்கள் எடுக்கவில்லை. பின்னேரம் புரோக்கர் ஐயா பேசினார். "ஆளை மாத்திக் காட்டப் பாத்தினம் எண்டு அவை நினைச்சிட்டினம், பிள்ளை. நான் சத்தியம் பண்ணிப் பாத்தன். தொடக்கத்திலயே இப்பிடியெண்டா வேண்டாமாம்."

திங்கட்கிழமை ஸ்ரூடியோவுக்குள் கால் வைத்ததும் கேட்டேன்.

"அக்கா, எந்தப் படத்தை அனுப்பினனீங்கள்?"

"நான் எடுத்ததை."

"நான் தந்ததையெல்லே அனுப்பச் சொன்னனான்?"

"அது ரெண்டு கோடு கூடவாக் கிடந்தது, பிள்ளை. முகத்தில ஒண்டும் மிஞ்சேல்லை. உன்ர மச்சத்தையும் காணேல்லை. அதை என்னெண்டு அனுப்புறது?"

"எனக்கு ஒரு சொல்லுச் சொன்னனீங்களே?"

அவர் யோசித்தார். "சொல்லேல்லையோ?"

நான் கத்தினேன். வீதியில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். "விசரே உங்களுக்கு? ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நான் பவுடர் பூசியிருப்பனே? திரையைத் தொங்கவிட்டிருப்பனே? என்ர முகத்தோட சும்மா இருந்திருப்பன். ஆரைக் கேட்டு மாத்தினனீங்கள்? என்ர படம், என்ர கலியாணம்! உங்கட வீட்டுச் சாமானே?" நடந்தது முழுவதையும் அழுகையோடு கொட்டினேன். மச்சம், சவர்க்காரம், அம்மாவின் கையில் அணைந்த போன், எல்லாம்.

அக்கா அசையாமல் நின்று கேட்டார். அவரை அப்படி அசையாமல் நான் கண்டது அந்த ஒரு தரம்தான். கண் கலங்கியிருந்தது. மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"அந்தப் பெடியன் நான் அனுப்பின படத்தைப் பாத்தோ ஓமெண்டவன்?"

"ஓம்."

"அப்ப படம் சரி, பிள்ளை."

கையில் கிடைத்ததை எடுத்து அடித்திருப்பேன். நல்ல காலம், கையில் ஒன்றும் இருக்கவில்லை. பின்பக்கம் போய் அழுது முடித்தபிறகுதான் அந்த வசனம் எனக்குள் இறங்கியது. அம்மா அனுப்பப் பயந்த முகம். நானே கரைத்துவிட்ட மச்சம். அதைப் பார்த்துத்தான் ஒரு மனிதர் தானாக ஓம் என்றிருக்கிறார். அப்படியும் நடக்கும் என்று அதுவரை எனக்கு ஒருவரும் சொன்னதில்லை. அந்த ஓமைப் பவுடர் பூசி மூடியது நான்தான். இதை ஒத்துக்கொள்ள எனக்குக் கனநாள் எடுத்தது. அக்காவில் இருந்த கோபம் அதனால் குறையவும் இல்லை. சொல்லியிருக்கலாமே, ஒரு சொல்!

ஆறு மாதம் ஒரே அறைக்குள் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பிறகு அவர் வேலையை விட்டுத் தன் ஊருக்கே போய்விட்டார். போகப்போவதையும் எனக்குச் சொல்லவில்லை.

அவர் போன பிறகு புரோக்கர் ஐயா இன்னொரு சம்பந்தம் கொண்டுவந்தார். "இந்த முறையாவது கொஞ்சம் கவனமா வெளிப்பாக்கு, கோல் எடுத்தா நான் பாத்துக்கொள்ளுறன்," என்றார் அம்மா. கணினியைத் திறந்தேன். அக்கா எடுத்ததும் நான் வெளுத்ததும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. கை வெளுத்ததுக்குத்தான் போனது, பொய் சொல்லமாட்டேன். கன நேரம் அதிலேயே நின்றது. பிறகு அக்கா எடுத்ததை என் போனிலிருந்து நானே அனுப்பினேன்.

மூன்றாம் நாள் மறுமொழி வந்தது. நிறம் காணாதாம். அன்றைக்கும் குசினிக்குள் இருந்து அழுதேன், எனக்குத் தெரிந்த அவ்வளவு சொல்லாலும் அக்காவைத் திட்டினேன். அடுத்த மாதம் இன்னொன்று வந்தது. அதற்கும் அந்தப் படத்தைத்தான் அனுப்பினேன்.